ஸ்டீயரிங் கோளாறும் காப்புரிமையின் எல்லையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மின்சார பவர் ஸ்டீயரிங்கில் கோளாறு கண்டறியும் முறைகள் மீதான காப்புரிமைத் தகராறுகளில் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: எதற்கு உரிமை கோரப்படுகிறது? 'இரண்டு சென்சார் சிக்னல்களை ஒப்பிட்டு, வேறுபாடு வரம்பைத் தாண்டினால் மோட்டாரை நிறுத்துவது' என்ற அளவில் கேட்டால் கொடுக்கவே கூடாது. அது பழைய சங்கதி. ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்பும் முறுக்கு விசையை (டார்க்) அளக்கும் டார்க் சென்சாரின் ஒரு சிக்னல் 2.5 வோல்ட்டிலிருந்து 3.1-க்கு ஏறினால் மற்றது 1.9-க்கு இறங்கும், கூட்டினால் 5. கனெக்டரில் தண்ணீர் இறங்கி ஒரு பின் அரித்துப்போனால் கூட்டுத்தொகை மாறும், கன்ட்ரோல் யூனிட் உடனே பிடித்துவிடும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது சிக்னல் சட்டென்று மாறும். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கும் யூனிட்டுக்குக் கூட்டுத்தொகை தவறியதுபோலத் தெரியும். முடிவெடுக்கக் காத்திருக்கும் நேரம் மிகக் குறைவென்றால், நல்ல வண்டியிலேயே எச்சரிக்கை விளக்கு எரிந்து ஸ்டீயரிங் கனத்துவிடும். அதிகமென்றால், உண்மையான கோளாறில் மோட்டார் அதுவரை தவறாக இழுக்கும். இன்னும் மோசமானது, சென்சாரின் மையமே, அதாவது விசை இல்லாதபோது அது காட்டும் அளவே, நகர்வது. அப்போது ஒன்று ஏற, மற்றது அதே அளவு இறங்க, கூட்டுத்தொகை 5-லேயே நிற்கும். வண்டி ஒரு பக்கம் இழுக்கும். வேகம், ஸ்டீயரிங் கோணம் இரண்டையும் வைத்து, நேராக ஓடும்போது வரும் சராசரி டார்க்கைப் பார்த்தால்தான் இது சிக்கும். இப்படியொரு வழியைப் புதிதாகக் கண்டவருக்குக் காப்புரிமை தரலாம். ஆனால் வரம்பு, காத்திருப்பு நேரம், மோட்டார் உதவியைக் குறைக்கும் விதம் எல்லாம் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 10(4) கேட்பதும் முழு விவரத்தைத்தான்.

வெறும் அல்காரிதம் என்று, அல்காரிதத்துக்குக் காப்புரிமை இல்லை என்னும் பிரிவு 3(கே)-ஐக் காட்டி மொத்தமாகத் தள்ளுவதும் சரியல்ல. தொழில்நுட்ப விளைவு இருந்தால் அந்தத் தடை பொருந்தாது என்று ஃபெரித் அல்லானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2019-லேயே சொல்லிவிட்டது.

உதிரிபாகம் செய்யும் சிறு நிறுவனங்கள் காப்புரிமை மீறல் நோட்டீஸ் வரும்வரை காத்திருக்கக் கூடாது. பஜாஜ்–டிவிஎஸ் இரட்டை ஸ்பார்க் பிளக் தகராறு 2007-ல் நீதிமன்றம் ஏறி, 2019-ல்தான் சமரசத்தில் முடிந்தது. காப்புரிமை வழங்கும் முன் பிரிவு 25(1)-ன் கீழும், வழங்கிய அறிவிப்பு வெளியான ஓராண்டுக்குள் 25(2)-ன் கீழும் எதிர்ப்பு மனு போடலாம். 'டார்க் சென்சார் மெயின், சப் சிக்னல் பொருந்தவில்லை' என்ற கோளாறுக் குறியீடு அச்சாகியுள்ள பழைய சர்வீஸ் மேனுவல் பக்கம், அந்த முறை புதிதல்ல என்பதற்கு நல்ல ஆதாரம். அது வெளியான தேதி, விண்ணப்பத்தின் முன்னுரிமைத் தேதிக்கு (அந்தக் கண்டுபிடிப்புக்கு முதல் விண்ணப்பம் போட்ட நாளுக்கு) முந்தையது என்று காட்ட வேண்டும்.

— வாகன மின்னணுப் பொறியாளர்கள் சிலர், ஸ்ரீபெரும்புதூர்