மடக்கு சைக்கிள்: மடிப்பைப் பார்க்குமுன் காலை அளந்துகொள்ளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மடக்கு சைக்கிள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, அது எத்தனை நொடியில் மடிகிறது, என்ன விலை என்பதையெல்லாம் சொன்னது. வாங்குகிறவரின் உடம்புக்கு அது பொருந்துமா என்பதை மட்டும் விட்டுவிட்டது. கடையில் நிற்பவரும் பெரும்பாலும் அதைக் கேட்பதில்லை. அதனால்தான் நல்ல விலை கொடுத்து வாங்கிய சைக்கிள்கள் முழங்கால் வலிப்பதற்கும் கை மரத்துப்போவதற்கும் பயந்து மாடிப்படிக்கு அடியில் கிடக்கின்றன. காவிரி டெல்டாவைப் போல இந்தச் சைக்கிளுக்குத் தோதான பூமி குறைவு. தரை சமம், ரயில் நிலையங்கள் பக்கம் பக்கம், போக வேண்டிய ஊரோ பாதைக்குச் சற்றுத் தள்ளி. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஓடிய ரயில் 1986-லேயே நின்றுபோனது. கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போக கும்பகோணத்தில் இறங்கி அணைக்கரை வழியாக மிதிக்கலாம். இப்படிப்பட்ட இடத்தில் அளவு தெரியாமல் வாங்கி ஒதுக்கிவைப்பது பெரிய நஷ்டம்.

சாதாரண சைக்கிளில் 22 அங்குல பிரேம், 24 அங்குல பிரேம் என்று உயரத்துக்கேற்ப எடுக்கலாம். மடக்கு சைக்கிளில் அநேகமாக ஒரே அளவுதான். ஐந்தடிக்காரருக்கும் ஆறடிக்காரருக்கும் ஏற்றது என்று அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். சீட்டை ஏற்றி இறக்கலாம் என்பதே அதன் பொருள். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் உள்ள தூரம் அப்படி மாறாது.

முதலில் காலை அளக்க வேண்டும். செருப்பில்லாமல் சுவரை ஒட்டி நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே சீட்டில் உட்காரும் அழுத்தத்தில் மேலே தூக்கிப் பிடிக்கவும். தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்பு வரை உள்ள உயரத்தை 0.88-ஆல் பெருக்கினால், பெடல் கிராங்கு சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம் கிடைக்கும். கால் அளவு 76 சென்டிமீட்டர் என்றால் 67, 84 என்றால் 74. இது தொடக்கக் கணக்குதான். உட்கார்ந்து, பெடலைக் கீழே கொண்டுபோய்க் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒருபக்கம் சாயக்கூடாது. அப்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கையில் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுவே சரியான உயரம்.

நம் பக்கத்தில் பலரும் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதியும்படி சீட்டை இறக்கிவிடுகிறார்கள். விழுந்துவிடுவோமோ என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் அப்படி இறக்கினால் ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கி, முட்டிச்சில்லுக்குப் பின்னால் வலி தொடங்கும். மடக்கு சைக்கிளின் நடு பைப் தாழ்வாக இருப்பதால் நிறுத்தும்போது சீட்டைவிட்டு முன்னால் இறங்கிக் காலூன்றுவது எளிது. பெண்களுக்கும் வேட்டி கட்டியவர்களுக்கும் முதியவர்களுக்கும் இந்தப் பழக்கம் பத்து நிமிடத்தில் வந்துவிடும். சீட்டை இறக்குவதற்குப் பதில் இதைக் கற்றுக்கொடுங்கள்.

உயரமானவர்கள் சீட் பைப்பில் உள்ள கோட்டைப் பார்க்க வேண்டும். இதற்கு மேல் இழுக்காதே என்று குறித்திருக்கும் கோடு அது. உங்கள் அளவுக்கு ஏற்றியபின் அந்தக் கோடு வெளியே தெரிந்தால் அந்த சைக்கிள் உங்களுக்கு இல்லை. இந்த வண்டிகளில் சீட் பைப் அரை மீட்டருக்கு மேல் நீளம். உள்ளே பிடிப்பு குறைந்தால் உடம்புப் பாரம் நெம்புகோலாக வேலை செய்து பிரேமின் வாயைப் பிளந்துவிடும். பைப்போடு பைப் வெல்டிங் வைத்து நீட்டுவது உயிருக்கே ஆபத்து. அதே விட்டத்தில் நீளமான பைப் கிடைத்தால் மாற்றலாம், அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் வழுக்கி இறங்கும். வண்டி தாங்கும் எடையையும் பாருங்கள். 100 முதல் 110 கிலோ வரை என்பது பல மாடல்களின் எல்லை. பின் கேரியர் பையும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

அடுத்தது எட்டும் தூரம். சீட் பைப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. சாய்வு 72 டிகிரி என்றால் 10 சென்டிமீட்டர் ஏற்றும்போது சீட் 3 சென்டிமீட்டர் பின்னால் போகும். உயரமானவரின் பாரம் பின்சக்கரத்தின் மேல் குவிந்து முன்பக்கம் லேசாகிவிடும், ஹேண்டில் அலையும். குட்டையானவருக்கு இதற்கு நேர்மாறாக முழங்கை மடங்கி நெருக்கும். முழங்கையைச் சீட்டின் முனையில் வைத்து முன்கையை நீட்டினால் விரல்நுனி ஹேண்டில்பாரைத் தொட வேண்டும், அல்லது மூன்று நான்கு விரல்கடை குறைய வேண்டும். தோராயமான கணக்குதான், ஆனாலும் ரொம்பவும் பொருந்தாத வண்டியைக் கடையிலேயே ஒதுக்க உதவும். பிறகு ஓட்டிக்கொண்டே கூர்மையாகத் திருப்பிப் பாருங்கள். முழங்கால் ஹேண்டிலில் இடித்தால் தூரம் போதாது. உள்ளங்கை மரத்துப்போனால் ஹேண்டில் தாழ்வு, அல்லது சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறது.

தூரம் போதவில்லை என்று சீட்டை அதன் கம்பியில் முன்னும் பின்னும் தள்ளுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அதற்கு வேறு வேலை இருக்கிறது. இரு பெடலும் தரைக்குச் சமமாக இருக்கும்போது முன்காலின் முட்டிக்குக் கீழிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் நூல் பெடல் அச்சில் விழ வேண்டும். சீட்டை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, தூரத்தை ஹேண்டில்பாரை மாற்றித்தான் சரிசெய்ய வேண்டும். பின்னோக்கி வளைந்த பாருக்குப் பதில் நேரான பார் போட்டாலே சில சென்டிமீட்டர் கிடைக்கும். உயரம் மாற்றக்கூடிய ஹேண்டில் தண்டு, ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் ஓட்டுவதானால் நல்லது. ஒருவரே ஓட்டுவதானால் மாறாத தண்டே விறைப்பானது.

சக்கரத்தை வாங்கும்போது அங்குலக் கணக்கை நம்பாதீர்கள். டயரின் பக்கவாட்டில் 47-406 என்பதுபோல் ஓர் எண் இருக்கும். கடைசி மூன்று இலக்கம் ரிம்மின் விட்டம், மில்லிமீட்டரில். 20x1.75 என்று போட்டால் 406. 20x1 3/8 என்று பின்னத்தில் போட்டால் பெரும்பாலும் 451. இரண்டும் 20 அங்குலம்தான், ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. 16 அங்குலத்திலும் 305, 349 என்று இரண்டு உண்டு. பிராம்ப்டன் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் 16 அங்குல வண்டிகள் 349. பிளஸ் 1 பிள்ளைகளுக்கு அரசு தரும் சைக்கிளின் உதிரிபாகம் எந்தக் கிராமத்துக் கடையிலும் கிடைக்கும், 349 டயர் அப்படிக் கிடைக்காது. சிறுவர் சைக்கிள்களில் 406 வருவதால் திருத்துறைப்பூண்டியிலோ சீர்காழியிலோ டயர் கிழிந்தாலும் அன்றைக்கே வீடு திரும்பலாம். டெல்டாவுக்கு எங்கள் முதல் தேர்வு 406, அதிலும் 40 முதல் 47 மில்லிமீட்டர் அகல டயர். சின்னச் சக்கரம் பள்ளத்தில் ஆழமாக இறங்கும், அந்த அதிர்ச்சியை வாங்குவது டயரில் உள்ள காற்றுதான். 28 அங்குலச் சக்கரம் 2 சுற்று சுற்றும் தூரத்துக்கு இது ஏறக்குறைய 3 சுற்று சுற்றுவதால் டயர் சீக்கிரம் தேயும். வால்வு பைக்கில் உள்ள மாதிரி இருந்தால் பெட்ரோல் பங்கிலேயே காற்றடிக்கலாம். மெல்லிய பித்தளைக் கழுத்துள்ள பிரெஸ்டா வால்வானால் அதற்கான அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

சக்கரம் சிறிது, ஆகவே எவ்வளவு மிதித்தாலும் நகராது என்பது தவறான எண்ணம். 44 பல் செயின் வீலும் 18 பல் பிரீவீலும் உள்ள 28 அங்குல சைக்கிள் ஒரு முழு மிதிக்குச் சுமார் 5.4 மீட்டர் போகும். 20 அங்குலத்தில் முன்னால் 52, பின்னால் 14 பல் என்றால் 5.7 மீட்டர். முன்னால் 46 பல்தான் என்றால் 5 மீட்டர், அது சமதரையில் கொஞ்சம் குறைவாகப் படும். மலை இல்லாத ஊரில் கியர் எதற்கு என்று கேட்பவர்கள் ஆடிக்காற்றில் தஞ்சாவூரை நோக்கி மேற்கே மிதித்துப் பார்க்கட்டும். பாரத்தோடு ரயில்வே மேம்பாலமும் ஏற வேண்டும். பின்னால் 28 பல் வரை உள்ள ஏழு கியர் போதும், அதற்குமேல் பணம் வீண். ஒன்று மட்டும் கவனிக்கவும்: சின்னச் சக்கரத்தில் கியர் மாற்றும் கை தரையை ஒட்டித் தொங்கும். வாய்க்கால் கரையில் புல்லும் களிமண்ணும் அதில் சுற்றிக்கொள்ளும். ஐப்பசி கார்த்திகையில் கரையோரம் ஓட்டுகிறவர்களுக்கு பின்சக்கரத்தின் நடு ஹப்புக்குள் அடங்கிய மூன்று கியர் மேலானது, ஆனால் அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். சேலை, வேட்டி கட்டுபவர்கள் செயின் வீலுக்கு வெளித்தகடு இல்லாத வண்டியை எடுக்கவே வேண்டாம். 52 பல் சக்கரம் துணியை இழுத்துக்கொண்டால் கீழே விழுவது நிச்சயம்.

மடிப்புக் கீல் கடைசியாகத்தான் வருகிறது, ஆனால் அதில் அலட்சியம் கூடாது. முன் பிரேக்கை இறுகப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி, நடுக் கீலின் இடைவெளியில் விரலை வைத்துப் பாருங்கள். துளி அசைவு தெரிந்தாலும் பூட்டு தளர்வு. பூட்டுக் கை பாதி தூரத்திலிருந்தே உள்ளங்கைக்கு எதிர்ப்புக் கொடுத்து மூட வேண்டும். இரண்டு விரலால் மூடினால் போல்ட்டை இறுக்க வேண்டும். ஹேண்டில் தண்டின் கீல் இன்னும் முக்கியம், அது ஓட்டத்தில் திறந்தால் முகம்தான் முதலில் தரையில் படும். பிடிக்கு மேல் இரண்டாவது பாதுகாப்புக் கொக்கி இருக்கும் வண்டியையே எடுங்கள். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, காரைக்கால் பக்கத்து உப்புக்காற்றில் அலுமினியத்துக்குள் இருக்கும் இரும்பு போல்ட் பிடித்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை கழற்றித் துடைத்து கிரீஸ் தொட்டு மாட்டவும். சீட் பைப்பையும் அப்படியே வெளியே எடுத்துத் துடைக்கவும், ஆனால் அதற்கு கிரீஸ் பூசினால் சீட் இறங்கும்.

வாங்குமுன் மடித்துத் தூக்கிக் கடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்து பாருங்கள். 11 முதல் 14 கிலோ வரை இருக்கும் வண்டியோடு நடைமேம்பாலப் படியும் ரயில்பெட்டிப் படியும் ஏற வேண்டும்.

ரயில் விஷயத்தில் அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பயணி தன்னோடு ரயில்பெட்டிக்குள் கொண்டுபோகக்கூடிய சாமான் பெட்டியின் அளவு 100x60x25 சென்டிமீட்டர், மூன்றடுக்கு ஏசியிலும் ஏசி சேர் காரிலும் 55x45x22.5. இலவச லக்கேஜ் சலுகையில் ஸ்கூட்டரும் சைக்கிளும் சேராது. 20 அங்குல வண்டி மடித்தபின் கனம் பெரும்பாலும் 30 சென்டிமீட்டரைத் தாண்டும். மிகச் சிறிதாக மடியும் பிராம்ப்டனே 27 வரும். அதாவது நன்றாக மடியும் வண்டியும் இரண்டு சென்டிமீட்டரில் விதிக்கு வெளியே நிற்கிறது. பயணி உறைக்குள் கட்டிக் கொண்டுவந்தாலும், அனுமதிப்பதா கட்டணம் கேட்பதா என்பது டிக்கெட் பரிசோதகரின் மனப்போக்கைப் பொறுத்ததாகிவிடுகிறது. திருச்சி கோட்டம், உறையிட்டு மடித்த சைக்கிளுக்கு அளவையும், கட்டணம் உண்டென்றால் கட்டணத்தையும் தமிழில் அச்சிட்டு, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் நிலையங்களின் பார்சல் அலுவலகத்திலும் டிக்கெட் கவுண்ட்டரிலும் ஒட்ட வேண்டும். அனுமதி உண்டென்றால் நடைபாதையை அடைக்காமல் பெட்டியில் எங்கே வைப்பது என்பதையும் அதிலேயே சொல்லிவிடலாம். அதுவரை வாங்குபவர்கள் கெட்டித் துணி உறை ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ளவும். செயினின் எண்ணெய் அடுத்தவர் புடவையில் பட்டால் அதன்பிறகு எந்த விதியும் நமக்குக் கைகொடுக்காது.

இப்படிக்கு,
சைக்கிள் மெக்கானிக்குகள் சிலர்,
கும்பகோணம்