சுங்கை லெம்பிங் பயணம்: வருபவர்கள் கவனத்திற்கு

வணக்கம். சனிக்கிழமை காலை 5 மணிக்கு ஃபேரர் பார்க் எம்ஆர்டி அருகிலிருந்து பேருந்து கிளம்பும். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி நெரிசல் தெரியும்தானே, யாருக்காகவும் காத்திருக்க முடியாது. இரவு குவாந்தானில் தங்கல்.

நாம் பார்க்கப்போவது மலேசியாவின் பகாங் மாநிலத்தில், சுங்கை லெம்பிங் ஊரில் உள்ள பழைய வெள்ளீயச் சுரங்கம். 1906 முதல் ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் நடத்தியது. சுரங்கப்பாதைகளின் மொத்த நீளம் 300 கிலோமீட்டருக்கும் மேல்! 1985இல் வெள்ளீய விலை சரிந்தது, மறு ஆண்டே மூடிவிட்டார்கள். சின்ன ரயிலில் நாம் போவது அதில் ஒரு துளிதான். உள்ளே ஈரமாக இருக்கும், சிலிப்பர் வேண்டாம். மேலாளர் பங்களாவில் உள்ள அருங்காட்சியகத்துக்கும் போவோம். என்னைக் கேட்டால் அதுதான் இன்னும் சுவாரசியம்.

சிங்கப்பூர், மலேசியக் கடப்பிதழ் இல்லாதவர்கள் மலேசிய மின்வருகை அட்டையை முன்கூட்டியே நிரப்பிவிடுங்கள். அப்புறம், பேநவ்வில் பணம் அனுப்பாதவர்கள் புதன் இரவுக்குள் அனுப்புங்கள்.