கொக்லியர் சத்திரசிகிச்சையில் மின்வாய் இருக்கும் இடத்தைத் தியேட்டரிலேயே உறுதிசெய்து, அந்தப் பதிவைப் பெற்றோரிடம் தரக் கோரும் மனு

செயலாளர்,
சுகாதார அமைச்சு,
சுவசிரிபாய, கொழும்பு 10.

ஊடாக: பணிப்பாளர், போதனா வைத்தியசாலை, மட்டக்களப்பு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

நாங்கள் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கொக்லியர் கருவி பொருத்திய பிள்ளைகளின் பெற்றோர். காது கேளாத பிள்ளையின் உள்காதில் உள்ள கொக்லியா என்ற உறுப்புக்குள் மின்வாய்களை (எலெக்ட்ரோட்) செலுத்தி, மின்தூண்டலால் கேட்க வைக்கும் கருவி அது. வாகரை முதல் பொத்துவில் வரை சிதறி இருக்கிறோம். தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்தே இதில் கையொப்பமிட்டிருக்கிறோம். கருவி கேட்டு இதை எழுதவில்லை. கருவி கிடைத்துவிட்டது, அதற்கு நன்றியோடு இருக்கிறோம். அதன் மின்வாய் பிள்ளையின் காதுக்குள் எந்த இடத்தில், எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அதற்காகத்தான் இந்த மனு.

எங்களில் ஒருவரான எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் மகளுக்கு வலக் காதில் கருவி பொருத்தினார்கள். கிளினிக்கில் சொல்லித்தந்தபடி தினமும் காலையில் என் மனைவி வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ் என்ற ஆறு ஒலிகளையும் சொல்லிப் பார்ப்பார். ‘ம்’ உடனே விளங்கும். ‘ஸ்’ ஒரு நாள் விளங்கும், அடுத்த நாள் விளங்காது. பிள்ளை இன்னும் பழகவில்லை என்று இருந்தோம். மெப்பிங் செய்ய, அதாவது கருவியின் ஒலி அளவுகளைப் பிள்ளைக்கு ஏற்றபடி அமைக்கப் போனபோது, அடிப்பக்கத்து மின்வாய்கள் சிலவற்றில் மின்தடை கூடுதலாக இருப்பதை ஓடியோலஜிஸ்ட் (கேள்விப்புலனைப் பரிசோதிப்பவர்) கண்டார். எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்த மின்வாய்கள் கொக்லியாவுக்கு வெளியே நிற்பதுபோலத் தெரிந்தது.

உடனே அவர் கேட்ட கேள்வி, “ஒப்பரேஷன் நேரம் எல்லாம் உள்ளே போனதா?” என்பது. டயக்னோசிஸ் கார்டில் கருவி பொருத்தப்பட்டது என்ற ஒரு வரி மட்டும்தான் இருந்தது. தியேட்டரில் எடுத்த படம் ஒன்றும் கோப்பில் இல்லை. முதலிலேயே உள்ளே போகாதவை என்றால் அவற்றை நிறுத்திவிட்டு மற்றவற்றுக்கு ஒலியைப் பகிர்ந்து கொடுக்கலாம். உள்ளே இருந்தவை பிறகு நழுவியிருந்தால், இன்னும் நழுவுமா என்று கண்காணிக்க வேண்டும். மறுபடி சத்திரசிகிச்சையும் தேவைப்படலாம். இரண்டில் எது என்று சொல்ல முதல் நாள் படம் ஒன்று வேண்டும். அது இல்லாததால் இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை.

எந்த வைத்தியசாலை, எந்த டொக்டர் என்று இங்கே குறிப்பிடவில்லை. இது ஒருவர் மீதான முறைப்பாடு இல்லை. அந்த வேலை எவ்வளவு நுட்பமானது என்பதும் எங்களுக்குத் தெரியும். காதுக்குப் பின்னால் உள்ள எலும்பைக் குடைந்து, முக நரம்புக்கும் நாக்கின் சுவை நரம்புக்கும் நடுவில் உள்ள ஒடுங்கிய வழியால் நடுச்செவிக்குள் போகிறார்கள். அங்கிருந்து வட்டச் சாளரம் வழியாகவோ, அதன் அருகில் சிறு துளையிட்டோ மின்வாய் இழையைச் செலுத்துகிறார்கள். கம்பனியைப் பொறுத்து அந்த இழையில் 12, 16 அல்லது 22 மின்வாய்கள் இருக்கும். கொக்லியா ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுள்ள நத்தைச் சுருள். அதன் அடிப்பக்கம் ‘ஸ்’ போன்ற கீச்சொலிகளுக்கும், உச்சிப்பக்கம் தாழ்ந்த ஒலிகளுக்கும் உரியது. அதனால் இழை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது பிள்ளை எந்த எழுத்தைக் கேட்கும் என்பதோடு நேரே தொடர்புடைய விடயம்.

இழை இருக்க வேண்டிய இடம் ஸ்கேலா டிம்பனி என்று டொக்டர்மார் சொல்லும் கீழறை. சில வேளை அது நடுவில் உள்ள மெல்லிய சவ்வைக் கிழித்து மேலறைக்குத் தாவிவிடும். பிள்ளைக்கு மிச்சமிருந்த கொஞ்சக் கேள்விப்புலனும் அதோடு போய்விடலாம். மெதுவாகச் செலுத்துவது, ஸ்டெரொயிட் மருந்து இடுவது போன்ற மென்மையான முறைகள் இதைத் தவிர்க்கத்தான் வந்தன. ஜேர்மன் சத்திரசிகிச்சை நிபுணர் எர்ன்ஸ்ட் லேன்ஹார்ட் 1993 இலேயே அப்படியொரு முறையை எழுதியிருக்கிறார். இன்னொரு சிக்கல், இழையின் நுனி உள்ளே மடங்கிக்கொள்வது. முன்கூட்டியே வளைத்துச் செய்த இழைகளில் இது கூடுதலாக நடக்கும். நுனி மடங்கியிருந்தாலும் மின்தடைச் சோதனையில் எல்லாம் சரி என்றே காட்டக்கூடும். எக்ஸ்ரேயில் பார்த்தால் தெரிந்துவிடும். பிள்ளை மயக்கத்தில் இருக்கும்போதே கண்டுபிடித்தால், டொக்டரால் இழையை வெளியே எடுத்து மறுபடி செலுத்த முடியும். துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் ஆகி) வீட்டுக்குப் போன பிறகு தெரிந்தால், அதே பிள்ளைக்கு இன்னொரு மயக்க மருந்து, இன்னொரு வெட்டு.

மூளைக்காய்ச்சல் வந்து கேள்வி இழந்த பிள்ளைகளின் நிலை இதைவிடச் சிக்கலானது. கொக்லியாவுக்குள் எலும்பு வளர்ந்து வழி அடைபடும். இழையைப் பாதியோடு நிறுத்த நேரலாம். எத்தனை உள்ளே, எத்தனை வெளியே என்ற எண்ணிக்கை இல்லாமல் அந்தப் பிள்ளைக்கு மெப்பிங் செய்வது குருட்டு வேலை. நாள் போகப்போக வழி அடைபடுவதால், இந்தப் பிள்ளைகளைக் காத்திருப்போர் பட்டியலின் வரிசைப்படி நிறுத்தாமல் முன்னுரிமை தந்து ஸ்கேனுக்கும் சத்திரசிகிச்சைக்கும் எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்கிறோம்.

எங்கள் முதற் கோரிக்கை இதுதான். அரச வைத்தியசாலைகளில் நடக்கும் ஒவ்வொரு கொக்லியர் சத்திரசிகிச்சையிலும் மின்தடைச் சோதனையோடும், கேட்கும் நரம்பு பதில் தருகிறதா என்று பார்க்கும் நரம்புத் துலங்கல் சோதனையோடும், பிள்ளை மயக்கம் தெளியுமுன் ஒரு எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்புங்கள். இதற்குப் புதிய மெஷின் வேண்டியதில்லை. எலும்பு முறிவுக்குப் பாவிக்கும் சீ-ஆர்ம் எக்ஸ்ரேயே போதும்.

அப்புறம், அந்தப் படத்தின் பிரதியும் ஒரு பக்கக் குறிப்பும் பெற்றோரிடம் வர வேண்டும். கருவியின் மொடல், தொடரிலக்கம், எந்த வழியால் செலுத்தினார்கள், எத்தனை மின்வாய்கள் உள்ளே, சோதனை முடிவு என்ன என்பது தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தால் நல்லது. மொடல் தெரியாமல் எம்ஆர்ஐ ஸ்கேனுக்குள் இந்தப் பிள்ளைகளை அனுப்ப முடியாது, ஏனென்றால் கருவிக்குள் காந்தம் இருக்கிறது. நடுச்சாமத்தில் விபத்தொன்று நடந்தால் அக்கரைப்பற்றிலோ வாழைச்சேனையிலோ இருக்கிற டொக்டர் யாரைக் கேட்பார்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதுதான். ஆனாலும் பெற்ற பிள்ளையின் எக்ஸ்ரே படத்துக்கு அந்தப் படிவத்தை நிரப்ப வைப்பது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

இதே பதிவின் இன்னொரு பிரதி பிள்ளையின் ஊருக்குக் கிட்டிய பெரிய வைத்தியசாலைக்கும் போக வேண்டும். சத்திரசிகிச்சை எங்கே நடந்தாலும், பிறகு வருடக்கணக்கில் தொடரும் மெப்பிங்கையும் மின்தடைச் சோதனையையும் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் ஒழுங்காக நடத்த அதுதான் அடித்தளம். கொழும்பு எங்களுக்கு 300 கிலோமீற்றருக்கும் அப்பால். நாட்கூலிக்குப் போகும் தகப்பனுக்கு இரண்டு நாள் சம்பளம் போய்விடும். அதனால் மெப்பிங்கையே கைவிட்ட குடும்பங்கள் எங்களிடையே உண்டு.

கருவிக்குக் கேள்வி மனு (டெண்டர்) கோரும்போது விலையை மட்டும் பார்த்து ஒரேயொரு வகை இழையை வாங்க வேண்டாம் என்பதையும் கவனத்தில் எடுங்கள். எல்லாருடைய கொக்லியாவும் ஒரே நீளம் இல்லை. ஸ்கேனைப் பார்த்து நேரானதா வளைந்ததா, நீளமானதா குட்டையானதா என்று தெரிவுசெய்யச் சத்திரசிகிச்சை நிபுணருக்கு வழி இருக்க வேண்டும்.

இது பற்றிப் பேச எங்கள் பிரதிநிதிகளுக்கு ஒரு திகதி தந்தால், பிள்ளைகளின் கிளினிக் கொப்பிகளோடும் எக்ஸ்ரே படங்களோடும் வருகிறோம். எடுத்த நடவடிக்கையை எழுத்தில் அறியத்தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பெற்றோர்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

பிரதி: மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர், கிழக்கு மாகாணம்.