பதினோராம் வகுப்புப் பெற்றோருக்கு: ஹைடல்பர்க்கில் ஒரு நாள், சேப்பாக்கத்தில் ஒரு நாள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நான்கு வருடத்துக்கு முன் நம் பள்ளியில் பிளஸ் டூ முடித்த மாணவி ஒருத்தி இப்போது ஜெர்மனியில் இருக்கிறாள். எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிற பெண். ஒரு பருவம் மட்டும் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் படிக்க உதவித்தொகையில் போயிருக்கிறாள். அவள் அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறவர். ஏப்ரலில் வகுப்பு தொடங்குமுன் கிடைத்த ஒரு முழு நாளில் தனியாக ஊரைச் சுற்றிவிட்டு, இரவு எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பிக்கொண்டே இருந்தாள். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம். உங்களிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஒரு சம்மதமும் கேட்க வேண்டியிருக்கிறது.

அது 1386இல் தொடங்கிய பல்கலைக்கழகம். இன்றைய ஜெர்மனியில் அதைவிடப் பழையது கிடையாது. காலையில் போய் முதலில் கேட் எங்கே என்று தேடியிருக்கிறாள். பழைய நகரத்துப் பகுதியில் மதிலும் இல்லை, வாட்ச்மேனும் இல்லை. கடைத்தெருவும் வகுப்பறைக் கட்டடங்களும் ஒன்றோடொன்று கலந்து நிற்கின்றன. அங்கே மாணவர் சிறை என்று ஓர் இடம். இரவில் கூச்சல் போட்டு ஊரை எழுப்பிய மாணவர்களைப் பல்கலைக்கழகமே பிடித்து அடைத்து வைத்த அறைகள், 1914 வரை நடந்திருக்கிறது. உள்ளே இருந்தவர்கள் சுவர் முழுக்கத் தங்கள் உருவத்தையும் பெயரையும் வரைந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அவள் அதிக நேரம் நின்றது ஒரு சிலைக்கு முன்னால். ராபர்ட் பன்சன். நம் ஆய்வகத்தில் உங்கள் மகள் பற்றவைக்கிற பன்சன் பர்னருக்குப் பெயர் கொடுத்தவர், அந்த ஊரில்தான் பேராசிரியராக இருந்தார். அவரும் கிர்க்காஃப் என்ற இயற்பியலாளரும் சேர்ந்து, சுடரில் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய நிறக்கோடுகளைக் காட்டும் என்று கண்டுபிடித்து, அந்த வழியிலேயே 1860இல் சீசியத்தையும் அடுத்த ஆண்டு ரூபிடியத்தையும் கண்டறிந்தார்கள். பதினோராம் வகுப்பில் கார உலோகங்கள் என்று வருகிறதே, அந்தப் பாடத்தில் இருக்கிற இரண்டு பெயர்கள். "டீச்சர், நம்ம லேப்ல சுடர் சோதனை செஞ்சது ஞாபகம் வந்துச்சு, அங்கேயே அழுதுட்டேன்" என்றாள். நானும்தான் அழுதேன்.

பாலம், கோட்டை, நெக்கர் ஆறு என்று படங்கள் நிறைய வந்தன. அங்கே தெற்காசிய ஆய்வு நிறுவனத்தில் தமிழ் கற்பிக்கிறார்கள் என்பதும் அவளுக்குப் பெரிய சந்தோஷம்.

மாலையில் டிராமில் எதிர்த் திசையில் ஏறிவிட்டாள். ஊர் முடிந்து வயல் தெரிந்த பிறகுதான் உறைத்திருக்கிறது. போனில் சார்ஜ் இல்லை. பக்கத்தில் இருந்த பாட்டியிடம், கற்றுக்கொண்ட நாலு ஜெர்மன் வார்த்தையை வைத்து வழி கேட்டாள். அந்த அம்மா கூடவே இறங்கி எதிர்ப்பக்க நிறுத்தத்தைக் காட்டிவிட்டுப் போனாராம். பயமாக இல்லையா என்று கேட்டேன். "ஒன்பதாவது படிக்கும்போதே ஆயாவைக் கூட்டிட்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய் ஓ.பி. சீட்டு வாங்கினவ டீச்சர் நான். கேட்டா யாராவது சொல்லுவாங்கன்னு தெரியும்" என்றாள்.

இந்தப் பதில் என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் பதினோராம் வகுப்பில், பாரிமுனையைத் தாண்டிப் பெரியவர்கள் துணை இல்லாமல் போனவர்கள் யார் என்று கேட்டேன். சில கைகள்தான் எழுந்தன. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் பலர் தலை குனிந்தார்கள். நாளைக்குக் கல்லூரி கிடைத்தும் தூரம் என்பதற்காக வேண்டாம் என்று சொல்லப்போகிறவர்கள் இவர்கள்தான். அப்படி நின்றுபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் வருகிற இரண்டாம் சனிக்கிழமை இவர்கள் சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் வரை போய்வர வேண்டும் என்று விரும்புகிறேன். 1857இல் தொடங்கியது, தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி வாலாஜா சாலையில் நடக்கிற தூரம். நம் பிள்ளைகளில் பலர் அதை மெரினாவுக்குப் போகும்போது பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. நால்வர் நால்வராகப் போவார்கள். வழியை அவர்களே கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் பல்கலைக்கழக வாசலிலும் ஆசிரியைகள் நிற்பார்கள். கூட நடக்க மாட்டார்கள். குழுவுக்கு ஒரு போன். காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டு மூன்று மணிக்குள் பள்ளிக்குத் திரும்பிவிடுவார்கள்.

பெண் பிள்ளையைத் தனியாக அனுப்புவதா என்று உங்களுக்குத் தோன்றும். நானும் ஒரு மகளை வளர்த்தவள், அந்தப் பயத்தை அற்பமாக நினைக்கவில்லை. கையெழுத்துப் போட மனம் வராதவர்கள் சீட்டை வெறுமனே திருப்பி அனுப்பிவிடாமல் என்னை வந்து பாருங்கள். தினமும் நாலரை மணிக்கு மேல் அறையில் இருப்பேன். மீன் மார்க்கெட் வேலை, கூலி வேலை என்று அந்த நேரத்துக்கு வர முடியாதவர்கள் சொல்லி அனுப்புங்கள், நானே வீட்டுக்கு வருகிறேன்.

சம்மதச் சீட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியையிடம் சேர வேண்டும். மெட்ரோ கட்டணத்தைப் பள்ளியே பார்த்துக்கொள்ளும். மதியச் சாப்பாடும் தண்ணீர் பாட்டிலும் மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியை