கூட்டமாகச் சைக்கிள் ஓடும் மகனுக்கு

முரசுமோட்டை,
ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள தம்பி,

அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் நல்ல சுகம். உன் சுகத்துக்கு வற்றாப்பளை அம்மாளாச்சி துணை. அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. வயலுக்குப் போகாதீர்கள் என்றால் கேட்கிற மனிதரா? இரணைமடுவில் சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள். பங்கில் நமக்கு எந்தத் துண்டு வந்தது என்பதையெல்லாம் பிறகு எழுதுகிறேன்.

நீங்கள் சைக்கிளில் போன படத்தைச் சின்னவள் காட்டினாள். எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை. நீதான் முன்னுக்கு. அறுபது மைல் என்று கீழே போட்டிருந்ததாம். அவ்வளவு தூரத்துக்கு இங்கேயிருந்து வவுனியாவுக்கே போய்விடலாம் என்று அப்பா கணக்குப் பார்த்துச் சொன்னார். நான் சங்கக்கடையில் சொன்னேன், அரிசி ஆலையில் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். பிறகு வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டால் எல்லோரும் ஒன்றுபோலத்தான் இருக்கிறீர்கள். ஆனாலும் நான் தேடிய முகம் அதில் இல்லை. படம் எடுத்தது அவனாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதை விடு. சைக்கிள் ஓடுவது பற்றிச் சில விடயங்கள் எழுதவேண்டும் என்று தோன்றியது.

சிரிக்காதே. நீ பிறப்பதற்கு முன்பே நான் கூட்டமாகச் சைக்கிள் ஓடியவள். 1990க்குப் பிறகு வன்னிக்குள் பெற்றோல் வராது. மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் மண்ணெண்ணெயில் ஓடினார்கள், மற்ற எல்லோருக்கும் சைக்கிள்தான். நாங்கள் ஆசிரியைகள் ஒன்றாகச் சேர்ந்துதான் விசுவமடுப் பக்கம் படிப்பிக்கப் போவோம். பரந்தன் முல்லைத்தீவு வீதி இப்போது இருப்பது போலவா அப்போது இருந்தது? குழிக்கு நடுவில் கொஞ்சம் வீதி. முன்னால் போகிறவள் குழியைக் கண்டால் இடுப்புக்குக் கீழே கையை இறக்கி விரலால் காட்டவேண்டும். பின்னால் வருகிறவளுக்கு முன்னால் உள்ளவளின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியாது. தனக்குக் குழி தெரிந்துவிட்டது, தான் வெட்டித் தப்பிவிட்டோம் என்று போனால், அடுத்தவளை அந்தக் குழிக்குள் தள்ளியதற்குச் சமம். உங்கள் குழுவிலும் அப்படித்தான் கையால் காட்டி, வாயாலும் சத்தம் போடுகிறீர்கள் என்று நீ முன்பு சொல்லியிருக்கிறாய். கேட்கச் சந்தோசமாக இருந்தது.

சில்லு விடயத்தில் கவனமாக இரு. உன் முன்சில்லு முன்னால் போகிறவனின் பின்சில்லுக்குப் பக்கவாட்டில் நுழையவே கூடாது. அவன் ஒரு சாண் விலகினால் இரண்டும் உரசும். உரசினால் பெரும்பாலும் முன்னால் போகிறவனுக்கு ஒன்றும் ஆகாது, விழுவது பின்னால் வந்தவன்தான். முன்னால் போகிறவனுக்கும் பொறுப்பு இருக்கிறது. காரணமில்லாமல் பிறேக் பிடிக்கக்கூடாது, உழக்குவதைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. ஏற்றத்தில் எழும்பி நின்று உழக்கும்போது சைக்கிள் சற்றுப் பின்னுக்கு வரும். பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவனுக்கு அது போதும். நின்று உழக்குவதென்றால் பெடலில் ஒரு அழுத்தம் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டே எழும்பு. அப்பா உனக்கு இதை முற்றத்தில் காட்டித்தந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது, உனக்கு இருக்கிறதோ தெரியாது.

காற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒருவருக்குப் பின்னால் ஒட்டிப் போனால் கால் பங்குக்கு மேல் உழைப்பு மிச்சம் என்று நீ எனக்கு விளக்கினாய், ஏதோ நீங்கள்தான் கண்டுபிடித்தது போல. சோளகம் வீசுகிற மாதங்களில் விசுவமடுவிலிருந்து பின்னேரம் திரும்பி வந்து பார். காற்று இடப்பக்கத்தால் சற்று முன்னாக அடிக்கும். அப்போது மறைப்பு இருப்பது முன்னால் போகிறவளுக்கு நேர் பின்னால் அல்ல, சற்று வலப்பக்கம். வலப்பக்கம் என்றால் வீதியின் நடு. அங்கேதான் வாகனம் வரும். ஆகவே இரண்டு பேருக்குத்தான் இடம். மூன்றாவதாக வருகிறவள் காற்றிலேதான் ஓடவேண்டும். அந்த மூன்றாவது இடம் ஒரே ஆளுக்கு விழாமல் மாற்றி மாற்றி ஓடினோம். யாரும் சட்டம் எழுதவில்லை. ஒருத்திக்கு வயிற்றில் பிள்ளை இருந்த காலத்தில் அவளை முன்னுக்கும் விடவில்லை, காற்றுக்கும் விடவில்லை. அந்தப் பிள்ளை யார் என்று உனக்குத் தெரியும். அவன் இன்றைக்கு உன்னைவிடத் தடித்தவன், மூச்சு வாங்குகிறவன். அது வேறு கதை.

முன்னுக்கு வரும் முறை உனக்கு வந்தால், வந்தவுடன் வேகத்தைக் கூட்டாதே. நீ பின்னால் இளைப்பாறி வந்தவன், உனக்கு இலகுவாக இருக்கும். உனக்கு முன்னால் காற்றை வாங்கி ஓடியவன் களைத்துப்போய்ப் பின்னுக்குப் போகிறான்; அந்த நேரம் பார்த்து நீ இழுத்தால் அவன் தொங்கலில் ஒட்டமுடியாமல் விடுபட்டுவிடுவான். பக்கத்தில் ஓடுகிறவனைவிட எப்போதும் அரைச் சில்லு முன்னுக்கு நிற்கிற பழக்கமும் சிலருக்கு இருக்கிறது. அவன் சமமாக வர முயல, இவன் மீண்டும் அரைச் சில்லு கூட்ட, கடைசியில் கூட்டம் முழுவதும் யாருக்காக என்று தெரியாமல் ஓடும். உனக்கு அந்தப் பழக்கம் இருக்கும். சின்ன வயதில் கோவிலைச் சுற்றும்போதுகூட எனக்கு அரை அடி முன்னால்தான் நடப்பாய்.

அங்கே இரண்டு பேர் அருகருகே ஓடலாம் என்று சட்டமே சொல்கிறது என்றாய். 2022இல் பிரித்தானிய வீதி ஒழுங்குக் கோவையைத் திருத்தியபோது அதைத் தெளிவாக எழுதினார்கள் என்றும், பெரிய கூட்டமாகப் போகும்போது அப்படிப் போவது பாதுகாப்பு என்றும் சொன்னாய். சரி. ஆனால் பின்னால் வருகிற வாகனத்தையும் கவனி, வசதியான இடத்தில் ஒற்றை வரிசையாகி வழி விடு என்றும் அதே கோவையில் இருக்கிறதாம். பாதியை மட்டும் வாசித்துவிட்டு வாதாடாதே. இங்கே அதே ஆண்டில் பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நின்றபோது எல்லோரும் மீண்டும் சைக்கிளைத் தூசு தட்டி எடுத்தார்கள். இளம் ஆசிரியர்கள் நான்கு பேர் வீதியை அடைத்துக்கொண்டு கதைத்துக்கொண்டு போவார்கள், பின்னால் டிப்பர்காரன் ஹோனை அமத்திக்கொண்டு நிற்பான். டியூசன் பிள்ளைகள் ஏ9 வீதியில் இன்றைக்கும் அப்படித்தான் போகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் ஏசுகிறேன், யார் கேட்கிறார்கள்.

குதிரையைக் கண்டால் மெதுவாக்கு. சத்தமில்லாமல் பின்னால் போகாதே. தூரத்திலேயே குரல் கொடுத்து, நன்றாக விலகிப் போ. இங்கே இரவில் தார் வீதியில் படுத்துக்கிடக்கிற மாடுகளுக்கு நீ மணியடித்தாலும் ஒன்றுதான், அடிக்காவிட்டாலும் ஒன்றுதான். குதிரை அப்படியல்ல, வெருண்டால் மேலே இருக்கிறவரையும் தூக்கி எறிந்துவிடும்.

மழைக் காலத்துக்கு மட்காட் போடு. நீளமானதாகப் போடு. அது உன் முதுகுக்காக மட்டுமல்ல, பின்னால் வருகிறவனின் வாய்க்குள் சேறு போகாமலிருக்க. முன்னால் ஓடிக்கொண்டு துப்பாதே, மூக்குச் சிந்தாதே. காற்றுப் போனால் எல்லோரும் நிற்கவேண்டும், வீதியில் அல்ல, கரைக்கு இறங்கி. உனக்கு வேண்டிய ரியூப்பை நீயே கொண்டுபோ, அண்ணனிடம் எடுக்கலாம் என்று இராதே.

ஏற்றம் முடிந்த இடத்தில் நின்று கடைசியாக வருகிறவனுக்காகக் காத்திருப்பது எல்லோரும் செய்கிற மரியாதைதான். ஆனால் அவன் வந்து சேர்ந்த அந்தக் கணமே “சரி, போவோம்” என்று எல்லோரும் ஏறி உழக்கத் தொடங்குவதை நான் பார்த்திருக்கிறேன். காத்திருந்தவர்கள் இளைப்பாறிவிட்டார்கள், தண்ணீர் குடித்துவிட்டார்கள். வந்தவனுக்கு ஒரு மிடறு குடிக்க நேரமில்லை. அடுத்த ஏற்றத்தில் அவன் இன்னும் பின்னுக்குப் போவான், மறுபடியும் காத்திருப்பீர்கள், மறுபடியும் அதேதான். கடைசியில் அவன் தானாகவே, “நீங்கள் போங்கள், நான் மெதுவாக வருகிறேன்” என்று சொல்வான். அந்த வார்த்தையை நம்பிப் போகக்கூடாது. கடைசியாக வருகிறவனோடு ஒருவன் எப்போதும் கூட ஓடவேண்டும். நன்றாக ஓடத் தெரிந்தவன்தான் அந்த இடத்தில் ஓடவேண்டும். தெருவில் அடையாளம் தெரியாத சனத்தோடு போனாலும் அப்படித்தான். சொந்தம் என்றால் கேட்கவே வேண்டாம்.

பெரியம்மா இப்போது வேலிப் பக்கம் வருவதில்லை. வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோவிலில் கண்டேன். “சுகமோ?” என்றாள், “சுகம்” என்றேன். முன்பென்றால் அந்த இடத்திலேயே ஒரு மணித்தியாலம் நிற்போம். நான் காய்ச்சிய கூழைச் சின்னவளிடம் கொடுத்தனுப்பினேன்; சட்டி கழுவித் திரும்பி வந்தது, அதற்குள் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் வெறுஞ்சட்டி திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இல்லை என்று உனக்குத் தெரியும்.

தம்பி, எந்தக் கை?

சின்னவள் சொல்லமாட்டேன் என்று இரண்டு நாள் இருந்துவிட்டுப் பிறகு சொன்னாள். கட்டுப் போட்ட கையோடு பெரியம்மா வீட்டு அண்ணன் இருக்கிற படத்தை யாரோ போட்டிருக்கிறார்கள். படத்தில் வலமும் இடமும் மாறித் தெரியும் என்கிறாள், அதனால் எனக்கு இன்னும் விளங்கவில்லை. வலக்கை என்றால் அவன் வேலைக்கு எப்படிப் போகிறான்? யார் சமைக்கிறார்கள்? நீ முன்னால் போனாயா, உன் சில்லு பட்டதா, அவனே தடுமாறி விழுந்தானா என்று நான் கேட்கவில்லை. விழுந்தவனுக்குப் பக்கத்தில் நீ நின்றாயா என்பதை மட்டும் சொல். நின்றிருப்பாய். நின்றிருந்தால் அதை ஏன் பெரியம்மாவிடம் ஒரு சொல் சொல்லாமல் இருக்கிறாய்? எனக்கும் போன் எடுத்தால் காலநிலையைப் பற்றிச் சொல்கிறாய்.

அவன்தான் உன்னை விமான நிலையத்தில் வந்து ஏற்றியவன், தன் அறையில் படுக்க வைத்தவன், அந்தச் சைக்கிளையே வாங்கித் தந்து குழுவில் சேர்த்துவிட்டவன். அதைக்கூட விடு. 2009 தை மாதம் இடம்பெயர்ந்து உடையார்கட்டால் போனபோது உனக்கு ஒன்பது வயது. உனக்கு எவ்வளவு ஞாபகம் என்று நான் கேட்டதில்லை. நீ பாரில், கரியரில் அரிசி மூட்டை, அவன் தள்ளிக்கொண்டு நடந்தான். என் கால் அப்போது எப்படி இருந்தது என்று சின்னவளுக்குக்கூடத் தெரியும். உழவு இயந்திரங்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. முன்னால் போய் இடம் பிடி என்று பெரியம்மாவே அவனைத் துரத்தினாள். அவன் போகவில்லை. என் நடைக்குத்தான் சைக்கிளைத் தள்ளினான்.

இதை எழுதவேண்டும் என்று நான் தொடங்கவில்லை. வெட்டினால் தாள் அசிங்கமாகிவிடும், இருக்கட்டும்.

நீ கெட்டிக்காரன். அறுபது மைலும் ஓடக்கூடியவன். வாத்தியார் வீட்டுப் பிள்ளை என்று அங்கேயும் பெயர் எடுத்திருக்கிறாய். ஆனால் ஓடத் தெரிந்தவன் நிற்கவும் தெரிந்திருக்கவேண்டும். கையால் காட்டு, வாயால் சொல், அரைச் சில்லு முன்னுக்குப் போகாதே, மட்காட் போடு. இரவில் ஓடினால் பின்னால் சிவப்பு லைட் கட்டாயம். தொப்பியைத் தாடையின் கீழ் இறுக்கு.

அடுத்த கிழமை லண்டனுக்கு வருகிற ஒருவரிடம் பொதி கொடுத்தனுப்புகிறேன். மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி, கொஞ்சம் பாரை கருவாடு. பாதி உனக்கு, பாதி அண்ணனுக்கு. பிரித்துக் கட்டவில்லை, எல்லாம் ஒரே பைக்குள் இருக்கிறது. தபாலில் அனுப்பிவிடலாம் என்று நினைக்காதே, கருவாடு இருக்கிறது. நீயே கொண்டுபோய், அவனுடைய வீட்டிலேயே நிறுத்துப் பிரி. ஒற்றைக் கையால் அவனால் மூட்டை அவிழ்க்க முடியாது. பஸ்ஸில் போ, சைக்கிளில் கொண்டுபோனால் தூள் கொட்டும்.

இப்படிக்கு,
அம்மா