பயிற்சிய ஏசி ஹால்ல வேண்டாம், குளத்துக் கரையில குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கங்க.

நகராட்சி ஆளுங்களுக்கு மரம், பறவை, குளம் பத்தியெல்லாம் பயிற்சி குடுக்கணும்னு போன வாரம் உங்க பத்திரிகைல ஒருத்தர் எழுதியிருந்தாரு. நல்ல விஷயந்தான், ஆனா யாருக்குக் குடுக்கணும், எங்க வச்சுக் குடுக்கணும்ங்கறத அவரு தொடவே இல்ல, அதான் இத எழுதறேன். நான் கொங்குப் பக்கம் ஒரு நகராட்சில ஓவர்சீயரா இருந்து ரிட்டையர் ஆனவன். ஊர் பேரு வேண்டாங்க, போட்டா அங்க இப்ப இருக்கற இன்ஜினியர் தம்பிக்குத்தான் மெமோ போகும்.

எங்க ஊர் குளத்துக்கு கரையப் பலப்படுத்தற வேலை வந்துது. பொங்கல் முடிஞ்ச வாரம் பொக்லைன இறக்கி ஒரே நாள்ல கரையோரம் தண்ணில வளர்ந்திருந்த சம்பங்கோரைப் புல்லு மொத்தத்தையும் வழிச்சு லாரில ஏத்திட்டாங்க. அந்தக் கோரைக்குள்ளதாங்க நீலத் தாழைக்கோழி கூடு வைக்கும், முக்குளிப்பான் இன்னும் ஒரு படி மேல, தண்ணில மிதக்கற கூடாவே கட்டி செடில சிக்க வச்சிருக்கும், முட்டையோட அதுவும் சேறும் பிளாஸ்டிக் கவரும் எல்லாம் ஒரே பக்கெட்ல போச்சு. ஓடிப்போய் அந்தத் தம்பிகிட்ட கேட்டா "சார், எஸ்டிமேட்ல களை அகற்றுதல்னுதான் சார் போட்டிருக்கு"ங்கறாரு. பொய் சொல்லல. வாங்கிப் பாத்தேன், அப்படியேதான் இருந்துது. அவருக்கு அது களை. அத்தன வருஷம் சிவில் படிச்ச புள்ளைக்கு ஒரு நாளாச்சும் குளத்துக்குக் கோரை எதுக்குன்னு யாராச்சும் சொல்லிக் குடுத்திருப்பாங்களா?

எனக்கு மட்டும் யாரு சொன்னா. நானும் சர்வீஸ்ல இருந்தப்ப ஒரு வீதி பூரா நடைபாதை போட்டேன், வேப்பமரத்துக்கு அடி வரைக்கும் ஒரு விரக்கடை மண்ணு விடாம சிமெண்ட். நீட்டா இருக்குன்னு மேலதிகாரி தட்டிக்குடுத்தாரு. சில வருஷம் கழிச்சு ஆடிக் காத்துல அதுல ரெண்டு மரம் வேரோட சாஞ்சுது, ஒரு டீக்கடை கூரை போச்சு, நல்லவேளை ஆளு யாரும் இல்ல. மரத்தச் சுத்தி ஒரு மீட்டர் சிமெண்ட் இல்லாம விடணும்னு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் டெல்லிக்கு 2013ல உத்தரவு போட்டிருக்குதுங்க. அத நான் ரிட்டையர் ஆனப்புறம் பேரன் போன்ல காட்டித்தான் படிச்சேன். ஆபீஸ்ல ஒருத்தரும் சொல்லல.

இதுல சட்டம் இல்லாமயும் இல்ல. 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு வைக்கணும், ஊர்ல என்ன மரம், என்ன பறவை, என்ன மூலிகைன்னு மக்கள் பல்லுயிர் பதிவேடு ஒண்ணு எழுதணும். எங்க ஊர்ல இருக்கான்னு கேட்டேன், இருக்கு சார் பீரோல இருக்குன்னாங்க, சாவி யாருகிட்டன்னு கேட்டதுக்கு பதில் வரல. எஸ்டிமேட் எழுதறப்ப மேஜை மேல இருக்க வேண்டிய நோட்டுங்க அது.

நான் கண்ட பயிற்சியெல்லாம் எப்படின்னா, ஒரு ஏசி ஹாலு, பேடு பேனா, திரையில புலி படம், மதியம் பிரியாணி, சாயந்திரம் சர்டிபிகேட். வந்து உக்காந்தவங்க மறு வருஷம் வேற ஊருக்கு டிரான்ஸ்பர். குளத்துல வேலை செய்யறவன் ஒருத்தன் கூட அங்க இல்ல. ஜேஇன்னு சொல்ற ஜூனியர் இன்ஜினியர், ஒர்க் இன்ஸ்பெக்டர், கான்ட்ராக்டரோட மேஸ்திரி, பொக்லைன் டிரைவர், கரண்ட் கம்பிக்காக கிளை வெட்டற ஆளுங்க, வடிகாலுக்குப் பள்ளம் தோண்டறப்ப வேர அறுக்கறவங்க, இவங்களுக்குத்தாங்க சொல்லித் தரணும். டிரைவருக்கு அரை மணி நேரம் போதும், கூடு எப்படி இருக்கும், இங்கிருந்து அந்தக் கல்லு வரைக்கும் தொடாதேன்னு காட்டினா அவன் கேப்பான், நம்ம ஆளுங்கள்லயே கண்ணு நல்லா இருக்கறது அவனுக்குத்தான்.

இன்னொன்னு, இது வெளியாளுக்குத் தெரியாது. கரைக்குக் கல் பதிச்சா கன மீட்டருக்கு ரேட் இருக்கு, பேவர் பிளாக் போட்டா சதுர மீட்டருக்கு ரேட் இருக்கு. கோரைய அப்படியே விடறதுக்கு என்ன ரேட்? முடிச்ச வேலைய அளந்து எழுதற எம் புக்ல ஏறாத வேலைக்கு பில் வராது, பில் வராத வேலைய எந்தக் கான்ட்ராக்டரும் பண்ணமாட்டான். அதனால எந்த வேலைக்கு என்ன ரேட்டுன்னு ஷெட்யூல் ரேட்ட எழுதறவங்களையும் ஆடிட்காரங்களையும் முதல்ல அந்தப் பயிற்சில உக்கார வைங்க. வேலைய எந்த மாசம் பண்ணக்கூடாதுன்னு டெண்டர்லயே ஒரு வரி வேணும், மார்ச்சுக்குள்ள பணத்தச் செலவு பண்ணணும்ங்கற அவசரத்துலதான் பாதி கூடு போகுது.

ஜனங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. என்னப்பா புதராக் கிடக்கு, பாம்பு வருது, கொசு வருதுன்னு கவுன்சிலர் வீட்டு வாசல்ல நிப்பாங்க, அப்ப பதில் சொல்லத் தெரிஞ்ச ஆளு ஆபீஸ்ல ஒருத்தராச்சும் வேணுமில்ல? கோயமுத்தூர் சிங்காநல்லூர் குளத்த 2017ல பல்லுயிர் பாதுகாப்புப் பகுதின்னு அந்த மாநகராட்சியே அறிவிச்சுது, அங்க எண்ணினவங்க 700 வகைக்கு மேல செடி, பூச்சி, பறவைன்னு கணக்கு வச்சிருக்காங்க. சாக்கடைத் தண்ணி கலக்கற குளமே அப்படின்னா நம்ம ஊர் குளம் என்ன குறைஞ்சு போச்சு. சிங்கப்பூர்க்காரங்க 2008லயே ஐநா மாநாட்டுல, ஒரு ஊரு இயற்கைய எப்படி வச்சிருக்குன்னு மார்க் போட ஒரு அளவுகோல் கொண்டாரலாம்னு யோசனை சொன்னாங்க, அதுல கட்டடம் நிறைஞ்ச பகுதிக்குள்ள எத்தன வகை உள்ளூர்ப் பறவை இருக்குன்னும் ஒரு கேள்வி. நம்ம வார்டு ஆபீஸ்ல அத யாரு எண்ணுவா, அதுக்கும் ஆள் பழகணும்ல.

எனக்கு வயசாச்சு, சும்மாத்தான் இருக்கேன். ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு அந்தக் குளத்துக்கு நடக்கப் போவேன், மதகுக்கிட்ட கொஞ்சம் கோரை திரும்ப துளிர்த்திருக்கு. இத எந்த ஜேஇ தம்பி, தங்கச்சி படிச்சாலும் அவங்கவங்க ஊர்க் குளத்துக்குப் போற என்னை மாதிரி கிழவன் ஒருத்தன் இருப்பான், கூப்பிட்டுப் பாருங்க. எங்க ஊர் தம்பிகிட்ட சொல்லியிருக்கேன், வர்றேன் சார்னாரு. சர்டிபிகேட் கிடையாது, டீ நான் வாங்கித் தர்றேன்.

இப்படிக்கு,
ஒரு ரிட்டையர்டு ஓவர்சீயர்