மூலை மேசைக்கு ஒரு விலை சொல்லுங்கள்: காரைக்குடி காபிக்கடை முதலாளிமார்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதலாளிமார்களுக்கு,

வணக்கம். ஒரு காபியை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருக்கும் ஆட்களில் நானும் ஒருத்தி. நீங்கள் யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொன்னதில்லை. ஆனால் போன மாதம் ஒரு கடையில் சப்ளையர் தம்பி என் மேசையை மூன்றாம் முறையாக ஈரத்துணியால் துடைத்தார். மேசையில் ஒரு சொட்டுகூடச் சிந்தியிருக்கவில்லை. நான்காம் முறை அவர் வந்தபோது தலைக்கு மேல் ஓடிய ஃபேனும் நின்றது. புரிந்துகொண்டு பையைக் கட்டினேன். அன்றைக்குக் கோபம்தான். ஆறிய பிறகு இதை எழுதுகிறேன்.

வீட்டில் இடமில்லையா என்று கேட்பீர்கள். கானாடுகாத்தானில் வீடு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும். இருப்பது அம்மாவும் நானும். பங்காளிகள் எல்லாரும் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் கூடுவதோடு சரி. இடத்துக்கு என்ன குறை? ஆனால் அந்தக் காலத்துச் சுவரின் கனத்துக்கு வளவுக்குள் செல்போன் டவர் எட்டிப் பார்ப்பதில்லை. திண்ணைக்கு வந்தால் டவர் கிடைக்கும், கூடவே சுற்றுலாப் பயணிகளும். தூணோடு சேர்த்து என்னையும் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஒருநாள் மீட்டிங்கில், பின்னால் நிற்கும் வெள்ளைக்காரர் யார் என்று மேலாளர் கேட்டார். மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட் போகும் நாளில் திண்ணையும் உதவாது. பக்கத்திலேயே பாரம்பரிய விடுதிகள் இருக்கின்றன. அங்கே காபிக்கு வைத்திருக்கும் விலை, ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு வைத்த விலை.

ஆக, டவுன் பஸ் ஏறிக் காரைக்குடிக்கு வருகிறேன். மகளிருக்குக் கட்டணம் இல்லாததால் மிச்சமாகும் காசு உங்கள் கல்லாவுக்குத்தான் வருகிறது. நான் ஒருத்தி மட்டும் இல்லை. அழகப்பா பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர்களும் இதே போல் மூலை தேடி அலைவதைப் பார்க்கிறேன்.

உங்கள் கணக்கு தெரியாமல் பேசவில்லை. காலை ஆறு முதல் ஒன்பதரை வரை ஒரு நாற்காலியில் பத்துப் பேர் மாறி மாறி உட்கார்ந்து எழுவார்கள். அதை நான் 25 ரூபாய்க்குப் பிடித்து வைத்துக்கொண்டால், பால்காரருக்கும் 19 கிலோ சிலிண்டருக்கும் மாஸ்டர் சம்பளத்துக்கும் எங்கே போவீர்கள்? உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஃபேனை இன்னும் சீக்கிரம் நிறுத்தியிருப்பேன். ஆனால் பதினொன்றிலிருந்து மூன்றரை வரை என்ன நடக்கிறது? சாப்பாடு போடாத கடைகளில் பாய்லர் சும்மா கொதிக்கிறது. மாஸ்டர் அதே பேப்பரை இரண்டாம் தடவை படிக்கிறார். அந்த நேரத்தை எங்களுக்கு விலைக்குக் கொடுங்கள். மூன்று மணி நேரத்துக்கு 120 ரூபாய், இரண்டு காபி, ஒரு சீயம் அல்லது வெள்ளைப் பணியாரம் என்று எழுதி ஒட்டிவிடுங்கள். விலை ஒட்டாததால்தான் இருதரப்பிலும் சங்கடம். நான் பசியே இல்லாமல் வடை வாங்கித் தின்கிறேன், நீங்கள் துணியை எடுக்கிறீர்கள்.

வைஃபை வேண்டாம், ஏசி வேண்டாம். டபரா டம்ளரில் முதல் டிகாக்‌ஷன் காபி போதும். ஒரு பிளக் பாயிண்ட் மட்டும் தனியாக வேண்டும். (ஐஸ்கிரீம் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன் சார்ஜரைச் செருகிய ஒருத்தியை எனக்குத் தெரியும். நான்தான்.) போன் வந்தால் வெளியே போய்ப் பேசுகிறோம். சந்தை நாளிலும் முகூர்த்த நாளிலும் வர மாட்டோம்.

அப்புறம், தனியாக வரும் பெண்ணைப் பார்த்ததும் ஃபேமிலி ரூம் பக்கம் கை காட்டாதீர்கள். அங்கே ஜன்னலும் இல்லை, டவரும் இல்லை. கல்லாவுக்குப் பக்கத்து மேசையே எங்களுக்குத் தோது. பெரியவர்கள் யாராவது எந்த ஊர், எந்தக் கோயில் என்று விசாரிப்பார்கள்தான். எங்கள் நகரத்தார் சமூகத்தின் பிரிவுகளுக்கான ஒன்பது கோயிலில் ஒன்றைச் சொன்னதும் உறவுமுறை கண்டுபிடித்து அரை மணி நேரம் பேசுவார்கள். அது என் பாடு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

இதெல்லாம் பட்டணத்துப் புதுப்பழக்கம் என்று நினைக்க வேண்டாம். இங்கிருந்து கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் செய்யப் போனவர்கள் சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கியில் (கடையும் தங்குமிடமும் ஒன்றான கட்டடம்) எப்படி உட்கார்ந்தார்கள்? ஒரே கூடம். ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு சின்ன மேசை. பக்கத்துப் பெட்டிக்காரரும் அதே லேவாதேவிதான். தரையில் உட்கார்ந்து அவரவர் கணக்கை அவரவர் எழுதினார்கள். அதே ஏற்பாட்டுக்கு இன்று சென்னையில் இங்கிலீஷில் பெயர் வைத்து மாத வாடகை வாங்குகிறார்கள். எங்களுக்கு லேப்டாப்தான் பெட்டி. பெட்டியடிக்கு இடம் தருவது நீங்களாக இருக்கட்டுமே.

வருகிற புதன்கிழமை பதினொரு மணிக்குச் செக்காலை ரோடு பக்கம் வருவேன். எந்தக் கடையில் விலை ஒட்டியிருக்கிறதோ அங்கே ஏறிவிடுகிறேன். மூன்று மீட்டர் நீளத்தில் எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி வைத்திருக்கிறேன். ஐஸ்கிரீம் பெட்டியைத் தொட மாட்டேன்.

இப்படிக்கு,
மூலை மேசைக்காரி